முப்பத்தோரு கறுப்புப் பொட்டு

சொம்பு வாளியில இடிக்கிற சத்தம் கேக்குது, நல்லது. அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் ஜெகதா உள்ள நல்லாதான் இருக்கான்னு அர்த்தம். இவ குளிக்கப் போனா லேசுல வெளிய வரமாட்டா. ஒரே ஒரு வாளி தண்ணியை வச்சுகினு இவ்ளோ நேரம் குளிக்கறதுக்கு இந்த மெட்ராஸ்ல இவளை விட்டா ஆள் கிடையாது, கேட்டா, கழுத்துக்கு ஒரு சொம்பு, முதுகுக்கு ரெண்டு சொம்பு, அளந்து ஊத்தணும்டி தேசம்மான்னு எனக்கே பாடம் எடுப்பா. எடுக்கட்டும். மணி எட்டுதான் ஆவுது, கூட்டம் பதினோரு மணிக்குத்தான். குளிக்காம கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனா நாத்தம் புடிச்ச ஜனங்கன்னு சொல்வாங்க, அதுக்காகத்தான் காலையிலேயே வந்து இந்தக் கட்டணக் குளியலறை வாசல்ல வரிசையில நிக்கறோம். நான் குளிச்சாச்சு, படியில உக்காந்திருக்கேன். எனக்குப் பக்கத்துல அமலு அக்கா வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருக்குது, ஜெகதா வந்தா அடுத்தது அதுதான். மடியில எங்க பிளாட்பாரத்தை வரைஞ்ச சார்ட்டு, சுருட்டி ரப்பர் பேண்டு போட்டது. இடது கையில ரெண்டு ஈரச் சட்டை, உள்ள போறதுக்கு முன்னாடி ஜெகதா குழாயடியில அலசிக் குடுத்தது. நீலக்கட்டம் அவ புருஷன் சட்டை, காக்கி என் வூட்டுக்காரரு சட்டை. கையைத் தள்ளியே வச்சிருக்கேன், ஈரம் சார்ட்டு மேல சொட்டுச்சுன்னா பொட்டெல்லாம் உரிஞ்சு வந்துடும். நாலு மாச வேலை. உரியவே கூடாது. ஆனா ஒரு பொட்டை நானே உரிக்கணுமே, காலையில இருந்து அதே நெனைப்புதான்.

பொட்டுன்னா நெத்தியில வைக்கிற ஸ்டிக்கர் பொட்டுதான். பொம்பளைங்களுக்கு சிவப்பு, ஆம்பளைங்களுக்கு கறுப்பு, புள்ளைங்களுக்கு சின்னச் சின்னதா பச்சை. உப்பு குடோன் சுவரோரமா பிளாட்பாரத்துல யாரு எங்க படுக்கறாங்களோ அங்க ஒரு பொட்டு. அந்த ஐடியா ஜெகதாவுது. சங்கத்துல இருந்து வந்த நிவேதா பாப்பா, அது காலேஜ்ல படிக்கிற பொண்ணு, கலர் பேனாவுல புள்ளி வைக்கலாம்னு சொல்லுச்சு, இவதான், பேனாப் புள்ளியை யாரு பாப்பா திரும்பிப் பாப்பாங்க, பொட்டு வச்சா முகம் மாதிரி இருக்கும்னா. பாப்பா அப்படியே வாயைப் பொளந்துகினு நின்னுச்சு. இங்க எவ்ளோ பேரு வந்து எழுதிகினு போயிருக்காங்க, பேரு இன்னா, வயசு இன்னா, கக்கூசு எங்க போறே, எத்தினி புள்ள, எழுதி எடுத்துகினு போனா போனதுதான், ஒருத்தரும் திரும்பி வந்து இதுதாம்மா தெரிஞ்சுதுன்னு சொன்னதில்ல. அதனால இந்தத் தபா நாங்களே கேக்கறோம், எங்க ஜனங்களை நாங்களே எழுதறோம்னு ஆரம்பிச்சது. சர்ச்சு ஹால்ல உக்காந்து கேள்வியெல்லாம் நாங்களே போட்டோம். உடம்புக்கு இன்னா, மாத்திரை யாரு வாங்கித் தர்றாங்க, ராத்திரி எத்தினி மணி நேரம் தூங்கறே, தூக்கத்துல எத்தினி தபா முழிக்கறே. சட்டமும் நாங்களே போட்டோம். ஒண்ணு, படுக்கை இருந்தா பொட்டு உண்டு, ஆளு வேலைக்குப் போயிருந்தாலும் சரி, ஊருக்குப் போயிருந்தாலும் சரி. இன்னொண்ணு நான் சொன்னது. கேக்கறவங்க முதல்ல தன் பதிலைச் சொல்லணும், அப்புறம்தான் கேக்கணும். நம்மளை மட்டும் தோண்டித் தோண்டி கேட்டுட்டு அவங்க வாயைத் திறக்கமாட்டாங்களே, அந்தக் கடுப்புல சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. தேசராணி அக்கா சூப்பர்னு பாப்பா என் முழுப்பேரைச் சொல்லி நோட்டுல எழுதிகிச்சு. எனக்கு அன்னிக்கெல்லாம் பெருமை தாங்கல.

அந்தப் பெருமையில இடி விழ. நேத்து சாயங்காலம் பாப்பா போன்ல பேசிட்டு வந்து உக்காந்துச்சு பாரு, முகமே செத்துப்போச்சு. நாங்க கேக்கறது இன்னா, பூட்டிக் கிடக்கற அந்தப் பழைய ஸ்கூல் கட்டடத்தை பொம்பளைங்க ராத்திரி தங்கறதுக்குத் தொறந்து விடுங்க, உள்ள ஒரு கக்கூசு, சாயங்காலத்துல ஒரு நர்சம்மா, அவ்ளோதான். அதிகாரி போன்ல கேட்டிருக்காரு, தனியா இருக்கற பொம்பளைங்க எத்தினி பேருன்னு. பாப்பா சார்ட்டைப் பாத்துச்சு. சிவப்புப் பொட்டு அநேகமா எல்லாத்துக்கும் பக்கத்துலயே கறுப்புப் பொட்டு. மொத்தம் முப்பத்தொண்ணு. தனியா இருக்கறது ரெண்டே பேரு. அப்ப எல்லாரும் குடும்பமா இருக்காங்க, குடும்பத்துக்குப் பொம்பளைங்க விடுதி எதுக்கும்மா, இதை வேற யாராச்சும் கேட்டா குடுத்துடலாம்னு அவரு சொல்லிட்டாராம். அதுல தப்பு சொல்றதுக்கும் இல்ல, நாம எழுதிக் குடுத்ததைத்தானே அவரு படிச்சாரு. பாப்பா என்னைப் பாத்து, அக்கா, எண்ணிக்கை சரிதானேன்னு கேட்டுச்சு. சரிதான்னேன். சரியில்ல. ஒண்ணு தப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நாலாவது லைட்டுக் கம்பத்துக்கிட்ட ஜெகதா பக்கத்துல ஒட்டியிருக்கற கறுப்புப் பொட்டு, பேரு தணிகாசலம், வயசு ஐம்பத்திரண்டு, அப்படி ஒரு ஆளே கிடையாது.

தணிகாசலம்னா நீலக்கட்டம் போட்ட சட்டை, உள்ள சுருட்டின பழைய போர்வை, தலைக்கு ஒரு துணி மூட்டை, மேல இழுத்துப் போத்தின கைலி. கால்மாட்டுல ஆம்பளை செருப்பு ஒரு ஜோடி, அந்தச் செருப்புதான் முக்கியம், குடிச்சுட்டு வர்றவனுங்க குனிஞ்சு முகத்தைப் பாக்கமாட்டானுங்க, செருப்பைத்தான் பாப்பானுங்க. பேரு ஏதோ லாரி பின்னாடி பாத்ததா இருக்கும். ராத்திரி படுக்கப்போக அவ அவரை ரெடி பண்றதைப் பாக்கணுமே, சட்டை பொத்தானைப் போட்டு விடுவா, கொஞ்சம் நவுந்து படுய்யா, உனக்கு மட்டும்தான் பிளாட்பாரமான்னு நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி திட்டுவா, நான் வாயில முந்தானையை வச்சுகினு சிரிப்பேன். தெரியும்னு காட்டிக்கமாட்டேன். எங்க இடத்துல அடுத்தவ புருஷனைப் பத்தி யாரும் கேக்கறதில்ல, அது ஒரு மரியாதை. கேள்வி ஃபாரம் நிரப்பறப்ப கூட நான்தான் உக்காந்து எழுதினேன், வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஏதாச்சும் உண்டான்னு கேட்டேன், இவ கொஞ்சம்கூட முழிக்காம, பிரஷர் இருக்கு, ராத்திரியில மூச்சு வாங்கும், சாயங்காலம் ஆனா கால் ரெண்டும் வீங்கிடும், அழுத்தினா குழி விழும்னு சொன்னா. உனக்கு? எனக்கு இன்னாடி, கல்லு மாதிரி இருக்கேன். நானும் கல்லுன்னு எழுதாம நலம்னு எழுதினேன். மனசுக்குள்ள சிரிச்சேன், எவ்ளோ அழகா பொய் சொல்றா பாரு, போர்வைக்குப் பிரஷர் இருக்காம்.

சத்தம் நின்னு போச்சு. சொம்பு சத்தம் எங்க? துணி கட்டறாளா இருக்கும். இல்ல, துணி கட்டினா கொடியில வளையல் உரசற சத்தம் வருமே. ஒண்ணும் வரல. போன வாரம் குழாயடியில ரெண்டு குடம் தூக்கிட்டு வந்து கம்பத்தைப் புடிச்சுகினு நின்னா, இன்னாடின்னேன், ஒண்ணுமில்ல, வெயிலுன்னா, காலை ஏழு மணிக்கு இன்னா வெயிலு? கொலுசைக் கழட்டி எப்போ தகர டப்பாவுல போட்டா? தீபாவளிக்கு அப்புறம் போடவே இல்ல. கணுக்கால்ல கொலுசு ஏறல, அதான். ராத்திரி படுக்காம சுவத்துல சாஞ்சுகினே உக்காந்திருப்பா, காவலுக்கு உக்காந்திருக்கான்னுதானே நெனைச்சேன். அடிப்பாவி. போர்வைக்கு எப்படிக் குழி விழும்? அழுத்தினா குழி விழும்னு அழுத்திப் பாத்தவளுக்குத்தானே தெரியும்? எல்லாம் இவளுதுதானா? தன் உடம்பு நோவை எல்லாம் அந்தச் சட்டைக்குப் போட்டு விட்டுட்டு இவ கல்லு மாதிரி இருக்காளா? நான் ஒரு கூமுட்டை, பக்கத்துல உக்காந்து எழுதிகினு சிரிச்சேன். சார்ட்டைக் கக்கத்துல இடுக்கிகினு எழுந்து கதவைத் தட்டினேன். ஜெகதா. ஜெகதா! அடியே! சட்டையில இருந்து தண்ணி சொட்டி என் பாதமெல்லாம் நனையுது. உள்ள இருந்து, சோப்பு போட விடுடி, உசிரா போவுதுன்னு குரல் வருது. போவுதுன்னு சொல்லாதடி மூதேவி. சோப்புதான். அமலு அக்கா என்னை நிமிந்து பாத்துட்டு, ஏன்டி பதர்றேன்னுது. ஒண்ணுமில்லக்கான்னு உக்காந்துட்டேன். மறுபடியும் சொம்பு இடிக்குது, இடிக்கட்டும், என் செல்லம், நல்லா ஊத்திக்கோ.

சரி, உரிச்சுடலாம். தணிகாசலத்தை உரிச்சா முப்பது. முப்பதுன்னா மட்டும் அந்த அதிகாரி ஸ்கூலைத் தொறந்துடுவாரா, மூணு பொம்பளைக்கு ஒரு கட்டடமான்னு கேப்பாரு. ஒண்ணுதானா? மூணாவது கம்பத்துல ரெட்டைப் புள்ளக்காரி, அவ வூட்டுக்காரரு ஆந்திராவுல ரோடு போடறாருன்னா, எத்தினி வருஷமா போடறாரு, அந்த ரோடு இன்னேரம் டெல்லிக்கே போயிருக்கும். டீக்கடை எதிர்ல இருக்கறவ புருஷன் எப்ப போனாலும் தூங்கறாரு, எழுப்பாதக்கா, நைட்டு ஷிப்டுன்னா. நைட்டு ஷிப்டுக்காரன் நைட்டும் தூங்கிட்டுத்தான் இருந்தான், நானே பாத்தேன், அப்ப ஏன் நெனைக்கல? இதோ அமலு அக்கா, இது வூட்டுக்காரரு ஞானப்பிரகாசம், ராயபுரத்துல வாட்ச்மேன், ராத்திரி டூட்டி, பகல்ல அங்கேயே படுத்துக்குவாரு, அவரு படுக்கை மட்டும் இங்க தினமும் விரியுது. பதினாலு வருஷத்துல நான் அவரு முதுகைக்கூட பாத்ததில்ல. விரல் விட்டு எண்ணறேன். ஆறு, ஏழு. இன்னும் இருக்கும். படுக்கை இருந்தா பொட்டு உண்டுன்னு சட்டம் போட்டோம் இல்ல, எங்களுக்குத்தான் தெரியும் படுக்கைன்னா இன்னான்னு, எங்களுக்குத்தான் அது தோணவும் இல்ல. வேற யாராச்சும் வந்து கேட்டிருந்தா பொய் சொல்றாங்கன்னு விட்டுடலாம். நான் கேட்டும் ஏன் இத்தினி பேரு பொய் சொன்னாங்க? என்கிட்டயா? ஒண்ணா சோறு துன்னவங்க. ஒரே குழாயில சண்டை போட்டவங்க.

ஈரச் சட்டை கையில கனக்குது. இந்தக் காக்கியை வேற கைக்கு மாத்தணும். அமலு அக்காகிட்ட குடுக்கலாம். வேணாம், அது தொட்டுப் பாக்கும். தொட்டா இன்னா. காக்கி சட்டை திருப்பூருக்குப் போட்டுகினு போகலயான்னு கேக்கும். போட்டுகினு போகல. அவரு போனப்ப இன்னா போட்டிருந்தாருன்னு எனக்கு நெனப்பே இல்ல, வெள்ளை பனியனா, ஒம்போது வருஷம் ஆவுது, ஆட்டோ சவாரி இருக்கு வந்துடறேன்னு போன மனுஷன், சாவலன்னு மட்டும் தெரியும், அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்குன்னு ஒருத்தரு சொன்னாரு, நான் போய்ப் பாக்கல. பாக்கவும் மாட்டேன். ஒரு மாசம் தனியாப் படுத்தேன். ஒரு ராத்திரி என் போர்வைக்குள்ள ஒரு கை வந்துச்சு. கத்தினேன், ஓடிட்டான். விடிஞ்சதும் காக்கிச் சட்டையை எடுத்து அலசி, எல்லாரும் பாக்கற மாதிரி கொடியில போட்டேன், திருப்பூர்ல சாயப்பட்டறையில வேலை கிடைச்சிருக்கு, மாசம் ஒருதபா வருவாருன்னு சொன்னேன். அன்னியில இருந்து அவரு மாசாமாசம் வந்துகினுதான் இருக்காரு. இதைத்தான் சுத்திச் சுத்தி ஒதுக்கிகினு இருக்கேன் காலையில இருந்து. தணிகாசலம் பொய்யி, ஞானப்பிரகாசம் பொய்யின்னு விரல் விடறேனே, முதல் விரலை மடக்கவே இல்லையே. கேக்கறவங்க முதல்ல சொல்லணும். நான்தான் சட்டம் போட்டேன். ஒவ்வொருத்தி முன்னாடியும் பேனாவைப் புடிச்சுகினு உக்காந்து, நானும் என் வூட்டுக்காரரும், அவரு திருப்பூர்ல வேலைன்னு முதல்ல நான்தான் சொன்னேன். அதுக்கப்புறம் எவ வாயைத் தொறந்து எனக்கு யாரும் இல்லன்னு சொல்வா? இவளே மறைக்கறான்னா நாமும் மறைக்கணும் போலன்னுதானே நெனைப்பாங்க. நானே சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடுச்சே. ஐயோ, எவ்ளோ பெரிய தப்பு பண்ணிட்டு கை தட்டு வாங்கினேன்.

சார்ட்டைப் பிரிச்சு தொடையில விரிச்சேன். ரெண்டாவது கம்பம், என் சிவப்புப் பொட்டு, பக்கத்துல அந்த மனுஷன். நகம் வைக்கறேன், வரமாட்டேங்குது, பசை நல்லாப் புடிச்சிருக்கு. எடுத்துட்டா நாளைக்கே தெருவுல தெரிஞ்சிடும், அவ தனியாத்தான் இருக்கான்னு. எனக்கு மட்டுமா, ஜெகதாவுக்கும். எடுக்கலன்னா ஸ்கூலு இல்ல, நர்சம்மா இல்ல, இவ சுவத்துல சாஞ்சுகினு மூச்சு வாங்கிகினே உக்காந்திருப்பா, இந்த ஃபாரத்தை வச்சு மாத்திரைக் கார்டு குடுத்தாலும் அது போர்வை பேருலதான் வரும். நகத்துக்கடியில கொஞ்சம் தூக்கிடுச்சு. அப்பத்தான் தாப்பாள் சத்தம். ஜெகதா வந்துட்டா, தலையில ஈரத் துண்டு, மஞ்சள் பூசியிருக்கா, என் கண்ணே பட்டுடும் போல இருக்கா, ஒரு கையால கதவை விடாம புடிச்சிருக்கா. நான் அந்தக் கையைப் பாத்தேன். உக்காருடின்னேன். படியில பக்கத்துல உக்காந்தா. ஆம்பளைங்க வரிசை அந்தப் பக்கம், இங்க நாங்க மூணு பேருதான். குரலைத் தாழ்த்திகினேன். "ஜெகதா, எனக்குப் புருஷன் இல்லடி. போயி ஒம்போது வருஷம் ஆவுது." சொல்லிட்டேன். இவ முடியைத் தட்டிகினே, "தெரியும்"னா. "தெரியுமா?" "அந்தக் காக்கிச் சட்டையை எத்தினி வருஷமா நான் தோய்க்கறேன். ஒரு நாளாச்சும் காலர்ல அழுக்கு இருந்திருக்கா? தூசிதான்டி இருக்கும். வேர்வை நாத்தம் இல்லாத ஆம்பளை சட்டை நீ ஒண்ணு வச்சிருக்கே, நான் ஒண்ணு வச்சிருக்கேன்." "ஏன்டி என்னைக் கேக்கல?" "நீ என்னைக் கேட்டியா?"

எனக்கு அழுகை வந்துடுச்சு, சிரிப்பும் வந்துடுச்சு, சனியன் ரெண்டும் ஒண்ணா வந்தா மூக்குலதான் ஒழுகுது. குனிஞ்சு அவ கணுக்கால்ல கட்டை விரலை வச்சு அழுத்தினேன். குழி விழுந்துச்சு. விழுந்தது எழும்பவே இல்ல, அப்படியே இருந்துச்சு. "இது யாரு காலுடி? தணிகாசலத்துதா?" இவ புடவையை இழுத்து காலை மூடிகினு, "பயமா இருக்குடி தேசம்மா, ராத்திரியில படுத்தா மூச்சே வரமாட்டேங்குது"ன்னா. பதினோரு வருஷப் பழக்கத்துல இவ பயமா இருக்குன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. கையைப் புடிச்சுகிட்டேன். கூட்டம் முடிஞ்சதும் ஆஸ்பத்திரி, நான் கூட வர்றேன், மாட்டேன்னு சொன்னே, செருப்பாலேயே அடிப்பேன்னேன், தணிகாசலத்து செருப்பாலயான்னா. ரெண்டு பேரும் சிரிச்சோம். "தெருவுக்குத் தெரிஞ்சா இன்னாடி பண்றது?" "சார்ட்டு ஆபீசுக்குப் போவுது. சட்டை கொடியில தொங்கப் போவுது. அந்த அதிகாரியா வந்து நம்ம கொடியைப் பாக்கப் போறாரு? ஸ்கூலைத் தொறக்கற வரைக்கும் நம்ம ஆம்பளைங்க ரெண்டு பேரும் இங்கயே கிடக்கட்டும், பாவம், எங்க போவாங்க"ன்னு சொல்லி சார்ட்டை இழுத்தா. நான் அரைகுறையா விட்டதை அவ நகத்தால ஒரே இழுப்பு, என் மனுஷன் வந்துட்டாரு. அப்புறம் நாலாவது கம்பம், அவ மனுஷன். ரெண்டு கறுப்புப் பொட்டையும் என் விரல் நுனியில ஒட்டினா. மணி எட்டே முக்கால் இருக்கும். பதினோரு மணிக்குள்ள இன்னும் ஏழெட்டுப் பேரைப் பாத்துக் கேக்கணும், அவங்களைக் கேக்காம அவங்க பொட்டுல கை வைக்கக்கூடாது, கேக்கறதுக்கு முன்னாடி என்னுதை நான் சொல்லணும், இந்தத் தபா நெஜத்தை. நிமிந்தேன். அமலு அக்கா வாளி மேல உக்காந்த வாக்குல எங்களையே பாத்துகினு இருக்குது. எல்லாம் கேட்டிருக்கும். "அக்கா, எனக்கு வூட்டுக்காரரு கிடையாதுக்கா, அது வெறும் சட்டை"ன்னேன். அக்கா எழுந்துச்சு. வாளியைத் திருப்பிப் புடிச்சுகிச்சு, துண்டைத் தோள்ல போட்டுகிச்சு, குளியலறைக்குள்ள ஒரு காலை வச்சுட்டு நின்னுச்சு. "அந்த வாட்ச்மேனையும் எடுத்துடு தேசம்மா"ன்னுது. கதவைச் சாத்தப் போச்சு, சாத்தல. "நல்ல மனுஷன்டி. பதினாலு வருஷத்துல ஒரு நாள் என்னைக் கை நீட்டி அடிச்சதில்ல."